பிள்ளை நித்திரை, தாய்க்கு நித்திரை இல்லை
வாசகர் கேள்வி – பதில்: பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு

பிள்ளை பிறந்த வீட்டில் தாயோ தகப்பனோ மனம் சோர்ந்துபோவது பற்றித் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் ஆறுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

மருமகளுக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்து 24 நாள். சிசேரியன். நாலாம் நாள் தொடங்கின அழுகை இன்னும் நிற்கவில்லை. சரக்குக் கறி, பத்தியம் எல்லாம் முறையாகத்தான் செய்கிறேன். கேட்டால் "ஒண்டுமில்ல மாமி" என்று முகத்தைத் திருப்புகிறா. கண்ணூறு என்று சொந்தக்காரர் சொல்லுகினம். நான் எங்கே பிழை விட்டேன்? – ஒரு மாமி, நிலாவெளி

பிழை உங்களிலும் இல்லை அம்மா, மருமகளிலும் இல்லை. முதலில் நாளை எண்ணுவோம்.

கர்ப்பகாலத்தில் பல மடங்கு ஏறியிருந்த ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹோர்மோன்களும் நச்சுக்கொடி வெளியே வந்த சில நாள்களுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதே நாள்களில்தான் பால் கட்டும், தையல் நோகும், நித்திரை துண்டு துண்டாகும். இதனால் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் காரணம் தெரியாமல் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு நடக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுவார்கள். அதற்கு மருந்து வேண்டாம். பத்து நாளில், மிஞ்சினால் இரண்டு கிழமையில் தானாக அடங்கிவிடும்.

உங்கள் மருமகள் அந்த இரண்டு கிழமையைத் தாண்டிவிட்டார். "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று இனி விட்டுவைக்கக் கூடாது. பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு பத்துத் தாய்மாரில் ஒருவருக்காவது வருகிற நோய். நம்முடையது போன்ற நாடுகளில் ஐந்தில் ஒருவர் வரை என்று கணக்கிடுகிறார்கள். முதல் மூன்று மாதத்தில்தான் கூடுதலாகத் தலைகாட்டும் என்றாலும், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை எப்போதும் தொடங்கலாம்.

வீட்டிலேயே நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிந்து, அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். "இந்த ஒரு மாதமாக மனம் விழுந்துபோன மாதிரி, இனி ஒன்றுமில்லை என்ற மாதிரி இருக்கிறதா?" "முந்திப் பிடித்தமாக இருந்த ஒன்றிலும் இப்போது ஆசை வரவில்லையா?" ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். "ஏன் அழுகிறாய், உனக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஒரு தாயிடம் பதில் இருக்காது. இத்தனை பேர் பார்த்தும் தனக்குச் சந்தோசமில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளை அழுது தாய் விழித்திருப்பது எல்லா வீட்டிலும் உள்ளது. பிள்ளை நன்றாக நித்திரை கொள்ளும்போதும் தாய் கூரையைப் பார்த்தபடி கிடந்தால், நோயைக் காட்டும் மிக நல்ல அடையாளம் அது.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது எல்லாரும் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர், பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரமும் அதன் பிறகும் வீட்டுக்கு வருவார். பிள்ளையின் நிறையையும் தொப்புளையும் பார்த்து முடிந்ததும் "என்ர மருமகளையும் ஒருக்கா பாருங்கோ மிஸ்" என்று நீங்களே சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விப் படிவம் இருக்கிறது. 1987இல் வெளிவந்தது. தமிழிலும் உண்டு. கடந்த 7 நாளைப் பற்றிக் கேட்கும், ஐந்து நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 புள்ளி, மொத்தம் 30. 9, 10 வந்தாலே டொக்டரிடம் காட்ட வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்தும் எண்ணம் பற்றியது. அதில் ஒரு புள்ளி விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே பார்க்க வேண்டும். இந்தப் படிவம் தவறிப்போவதற்கு ஒரு காரணம் உண்டு: மாமியும் கணவரும் பக்கத்தில் நிற்க, தாய் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுவிடுவார். மருமகளைத் தனியாக இருந்து நிரப்ப விடுங்கள்.

இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்பிக் கோளாறும் இதே முகத்தோடு வரும்: சோர்வு, அழுகை, படபடப்பு. பேற்றுக்குப் பிறகு ஏறத்தாழ இருபது பெண்களில் ஒருவருக்குத் தைரொயிட் அழற்சி வருகிறது. ஹீமோகுளோபினும், தைரொயிட்டைக் காட்டும் டீ.எஸ்.எச். என்ற பரிசோதனையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் வரை தாயை அடுப்படிக்கு விடாமல் ஆறவைப்பது நம் பெரியவர்கள் விட்டுப்போன அருமையான வழக்கம். வேறு எந்தச் சிகிச்சையும் தர முடியாத ஓய்வு அது. சரக்கும் பால்சுறாவும் முருங்கையிலையும் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீரைக் குறைப்பதையும், பழம் மரக்கறியைத் தவிர்ப்பதையும், யன்னலைச் சாத்தி வைப்பதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், தலை இடிக்கும், சோர்வு கூடும். ஒவ்வொரு தரம் பால் கொடுக்கும்போதும் ஒரு கப் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காலை வெயில் ஏறமுதல் முற்றத்தில் இருபது நிமிடம் இருக்க விடுங்கள்.

கண்ணூறு கழிப்பதில் ஒரு தடையும் இல்லை. கழித்துவிட்டு அதே கிழமை கிளினிக்குக்கும் போங்கள்.

எனக்கு 29 வயது. மகளுக்கு இரண்டு மாதம். இதை யாரிடமும் சொன்னதில்லை. கிணற்றடியில் நின்றால் பிள்ளை கைநழுவி உள்ளே விழுவது போலவும், சில வேளை நானே போட்டுவிடுவது போலவும் ஒரு காட்சி மனதில் வந்து போகிறது. கத்தியைக் கண்டாலும் அப்படித்தான். அதனால் கிணற்றடிக்கே போவதில்லை. நான் கூடாத தாயா? பைத்தியம் பிடிக்கப் போகிறதா? – உப்புவெளி

இரண்டும் இல்லை.

பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்ற காட்சி வராத புதுத் தாய்மார் மிகக் குறைவு. தன் கையாலேயே நடப்பது போன்ற காட்சியும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருகிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, ஆகவே ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆபத்தை முன்கூட்டியே தேடிக் காட்டுகிற காவல்வேலையை மூளை அளவுக்கு மீறிச் செய்வதுதான் இது. மனச்சோர்வும் பதகளிப்பும் சேர்ந்தால் காட்சிகள் அடிக்கடி வரும், கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு ஆறுதல் தருகிற விஷயம், அந்த எண்ணம் உங்களைப் பதறவைப்பது. அதைச் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. அது வரக்கூடாதென்று கிணற்றையே சுற்றிப் போகிறீர்கள். இப்படிப் பதறுகிற தாய்மாரால் பிள்ளைக்கு ஆபத்து வருவதில்லை. பதற்றம் இல்லாமல், "அப்படிச் செய்வதுதான் பிள்ளைக்கு நல்லது" என்றோ "ஒரு குரல் சொல்லுகிறது" என்றோ தோன்றினால் அது முற்றிலும் வேறு நோய். அதைப் பற்றி அடுத்த பதிலில் எழுதியிருக்கிறோம்.

எண்ணத்தை விரட்டப் பார்த்தால் அது கூடும். கிணற்றடியைத் தவிர்ப்பதும் அதற்குத் தீனி போடுவதுதான். "இது நோய் காட்டுகிற படம்" என்று மனதுக்குள் பெயர் சொல்லி, கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். முதலில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள், பிறகு தனியே. அதோடு டொக்டரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். கடிதத்தில் எழுதியதையே கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சரி. இதைச் சொன்னதற்காகப் பிள்ளையை யாரும் உங்களிடமிருந்து பிரிக்க மாட்டார்கள். பேச்சுவழிச் சிகிச்சைக்கும் குளிசைக்கும் நன்றாகக் கட்டுப்படும் நோய் இது.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். மூன்று இரவாக ஒரு கண் மூடவில்லை, ஆனால் களைப்பே இல்லை. விடாமல் கதைக்கிறாள். "இது என்ர பிள்ளை இல்ல, ஆஸ்பத்திரியில மாத்திப்போட்டினம்" என்கிறாள். பேய் என்று நூல் கட்டியிருக்கிறோம். – மூதூர்

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் அனுப்பிவிட்டோம். மற்ற வீடுகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே அச்சிடுகிறோம்.

இதன் பெயர் பேற்றுக்குப் பிந்திய உளப்பிறழ்வு. ஆயிரம் பேற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், சில மணிநேரத்தில் மாறிவிடும் வேகத்தோடு வரும். நித்திரை தேவைப்படாமல் போவது, ஓயாத பேச்சு, சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, கொஞ்ச நேரம் சரியாக இருந்துவிட்டுத் திரும்பக் குழம்புவது. அந்தத் தெளிவான ஒரு மணிநேரத்தைப் பார்த்து "சுகமாகிவிட்டது" என்று வீட்டார் ஏமாந்துபோவதுதான் நாங்கள் அதிகம் பயப்படும் விஷயம். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ நோய், அதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், இருந்திருந்தால் வாய்ப்புக் கூட.

விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் கிட்டியதற்கோ, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். வண்டி வரும் வரையில் தாயைப் பிள்ளையுடன் தனியே விடாதீர்கள், தாயைத் தனியாகவும் விடாதீர்கள். கத்தி, குளிசைகள், வயலுக்கு வாங்கி வைத்த கிருமிநாசினி எல்லாவற்றையும் பூட்டுங்கள். "இது உன்ர பிள்ளைதான்" என்று வாதாடவும் வேண்டாம், "ஓம், மாத்திப்போட்டாங்கள்" என்று ஒத்துப்போகவும் வேண்டாம். "உனக்குப் பயமாக இருக்குது, நான் பக்கத்தில இருக்கிறன்" என்பது போதும். அறையில் கூட்டத்தையும் சத்தத்தையும் குறையுங்கள். கிளினிக் கொப்பி, இப்போது எடுக்கும் மருந்துகள், எத்தனை மணிநேரம் நித்திரை இல்லை என்ற கணக்கு, காய்ச்சல் இருந்ததா என்ற விபரம், இவற்றைக் கையில் கொண்டுபோங்கள். பேற்றுக்குப் பிந்திய கிருமித்தொற்றும் மூளையைக் குழப்பும் என்பதால் டொக்டர்கள் அதையும் பார்ப்பார்கள்.

கட்டிய நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. நூலோடேயே வைத்தியசாலைக்குப் போகலாம். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிறார்கள்.

டொக்டர் சேர்ட்ரலீன் குளிசை எழுதித் தந்திருக்கிறார். நித்திரைக் குளிசை, பழகிவிடும், பாலில் போய்ப் பிள்ளை மந்தமாகும் என்று உம்மா போட விடுகிறா இல்லை. கணவர் கத்தாரில். பாலை நிறுத்திவிட்டுக் குளிசை போடவா? – கிண்ணியா

பாலை நிறுத்த வேண்டாம், குளிசையையும் விட வேண்டாம். சேர்ட்ரலீன் மனச்சோர்வுக்கான மருந்து, நித்திரைக் குளிசை வகையைச் சேர்ந்ததில்லை. போதைபோலப் பழகிப்போவதும் இல்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்கு முதலில் தெரிவு செய்யும் மருந்துகளில் அது ஒன்று. உடல் நிறைக்கு ஏற்பக் கணக்குப் பார்த்தால் தாய் எடுக்கும் அளவில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவாகவே பால்வழியே பிள்ளைக்குப் போகிறது. பத்துப் பங்குக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பாதுகாப்பு என்று கொள்கிறார்கள். பிள்ளை மாதம் குறைந்து பிறந்திருந்தால் மட்டும் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எப்படியும் பிள்ளை வழக்கத்தை விட அதிகம் தூங்குகிறதா, பால் உறிஞ்சச் சோர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிசை வேலை செய்யவில்லை என்று பலரும் நினைப்பதற்குக் காரணம் நாள்கணக்குத்தான். வழக்கமாக ஒரு நாளைக்கு 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். முதல் கிழமையில் நன்மை தெரியாது. குமட்டல், தலையிடி, கொஞ்சம் பதற்றம்தான் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். இரண்டாம் கிழமைக்கும் நாலாம் கிழமைக்கும் இடையில் மனம் இலேசாகத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஆறு கிழமை வேண்டும். அங்கேதான் அடுத்த பிழை நடக்கும்: "சுகமாகிட்டுது" என்று நிறுத்திவிடுவார்கள், அடுத்த மாதம் நோய் திரும்பி வரும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது டொக்டர் சொல்லுகிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முன்பு எப்போதாவது நித்திரையில்லாமல் மிதமிஞ்சிய உற்சாகத்தோடு திரிந்த காலம் இருந்திருந்தால் முதல் குளிசைக்கு முன்னரே டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்தே மாற வேண்டியிருக்கும்.

நோய் கடுமையில்லாதபோது குளிசை இல்லாமலும் தேறலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில், நம் மிட்வைஃப் மிஸ் போன்ற சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மாரை 16 தடவை வீட்டில் சந்திக்கவைத்தார்கள். தாய் தனக்குள் சொல்லிக்கொள்ளும் பிழையான எண்ணத்தைக் கண்டுபிடித்து மாற்றுவது, சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பத் தொடங்குவது, வீட்டாரைத் துணைக்குச் சேர்ப்பது, இவ்வளவுதான். ஆறாம் மாதத்தில், சும்மா வந்துபோன வீடுகளில் 53 வீதமான தாய்மார் இன்னும் சோர்வில் இருக்க, இந்த வீடுகளில் அது 23 வீதமாகக் குறைந்திருந்தது. 2008இல் வெளிவந்த அந்த ஆய்வை அடியொற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் கையேடே வெளியிட்டது.

கணவருக்கு இதைக் காட்டுங்கள். கத்தாரிலிருந்து அவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் போன் எடுக்கட்டும். பிள்ளையைக் காட்டச் சொல்லமுதல் "நேற்று எத்தனை மணிநேரம் நித்திரை?" என்று கேட்கட்டும். பிள்ளைக்கு நகை அனுப்ப நினைத்திருந்தால் அந்தக் காசில் மூன்று மாதத்துக்கு ஓர் உதவியாளரை வைக்கட்டும். உம்மாவிடம் குளிசை பற்றி அவரே கதைக்கட்டும். மருமகன் சொன்னால் கேட்கிற மாமியார் பலர் உண்டு.

தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். மகள் பிறந்து நாலரை மாதம். மனைவி நல்ல சுகம். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் எரிச்சல் வருகிறது. பிள்ளை அழுதால் எழும்பி வெளியே போய்விடுகிறேன். பின்னேரத்தில் குடிக்கவும் தொடங்கிவிட்டேன். பெறாத எனக்கு எப்படி இந்த நோய் வரும்?

வரும் தம்பி. ஏறத்தாழப் பத்துத் தகப்பன்மாரில் ஒருவருக்கு வருகிறது, அதுவும் பிள்ளைக்கு மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில்தான் கூடுதலாக. நீங்கள் சரியாக அந்த நடுவில் நிற்கிறீர்கள். நித்திரைக் கேடு, விதைப்புக் கடன், இன்னொரு வாயைக் காக்க வேண்டிய பொறுப்பு எல்லாம் ஒன்றாக வந்து ஏறும். ஆண்களுக்கு அது கண்ணீராக வெளிவருவது குறைவு. கோபம், வீட்டை விட்டு விலகி நிற்பது, குடி, நெஞ்சிடிப்பு, ஓயாத வேலை என்று வரும். அதனால் "அவன் மாறிட்டான்" என்ற பெயர்தான் மிஞ்சும். எடின்பரோ அளவுகோலை ஆண்களுக்கும் பயன்படுத்தலாம். ஆண்கள் குறைத்தே எழுதுவார்கள் என்பதால் வரம்பை இரண்டு புள்ளி கீழே வைக்கிறார்கள்.

குடி முதல் ஒரு மணிநேரம் ஆற்றும். பிறகு விடியப்புற நித்திரையைக் கெடுத்து அடுத்த நாள் சோர்வைக் கூட்டும். இன்றைக்கே குறைக்கத் தொடங்குங்கள். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். குடித்திருக்கும் இரவில் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள். கிருமிநாசினிப் போத்தலை வீட்டில் வைக்காமல் பூட்டிய இடத்தில், திறப்பு வேறொருவர் கையில் இருக்கும்படி செய்யுங்கள். இதைச் சொல்வது உங்களில் நம்பிக்கை இல்லாததால் அல்ல. மனம் இருளும் பத்து நிமிடத்தில் கைக்கெட்டாத தூரமே உயிரைக் காக்கிறது.

நித்திரைக்கு ஓர் ஒழுங்கு செய்யுங்கள். இருவரும் இரவு முழுக்க அரைகுறையாக விழிப்பதை விட, ஆளுக்கு நாலைந்து மணிநேரம் தொடர்ச்சியாகக் கொள்ளும் நித்திரை மனதைத் தேற்றும். ஒன்பது மணிக்கு மனைவி பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுக்கட்டும், இரண்டு மணி வரை பிள்ளை உங்கள் பொறுப்பு. அதன் பிறகு நீங்கள் படுங்கள். இடையில் பசித்தால் பிழிந்து வைத்த தாய்ப்பாலைக் கொடுக்கலாம். கொதிநீரில் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் பிழிந்து, நம்மூர் வெக்கையில் வெளியே வைத்தால் மூன்று மணிநேரத்துக்குள், பிரிட்ஜில் உள்தட்டில் வைத்தால் நாலு நாளுக்குள் முடிக்க வேண்டும். அடுப்பில் சூடாக்காமல் சுடுநீர்க் கோப்பைக்குள் வைத்து இளஞ்சூடாக்குங்கள். போத்தலை விடச் சின்னக் கப்பால், பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வாயில் ஊற்றாமல் உதட்டில் முட்டவைத்துக் கொடுப்பது நல்லது. மிஞ்சினதைத் திரும்ப வைக்க வேண்டாம்.

அழுகை தாங்க முடியாமல் கோபம் வந்தால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். இதுவரை நீங்கள் எழும்பிப் போனது சரியான காரியம்தான். ஒருபோதும் பிள்ளையைக் குலுக்க வேண்டாம். அந்த வயதில் மூளைக்குள் இரத்தம் கசிய ஒரு நொடிக் குலுக்கல் போதும். ஆறாம் மாத ஊசிக்குப் பிள்ளையை நீங்களே கொண்டுபோய், அங்கே உங்களைப் பற்றியும் கதையுங்கள். அதுவரை பொறுக்க ஏலாவிட்டால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

மூத்த பிள்ளையோடு எனக்கு இந்த நோய் வந்து குணமாகிவிட்டது. இப்போது மூன்று மாதக் கர்ப்பம். திரும்ப வருமா? – திருகோணமலை நகர்

நாலில் ஒருவருக்கு, சில கணக்கில் இரண்டில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. உங்களுக்குத் தெரிந்தே போவதால் இம்முறை முந்திக்கொள்ளலாம். அடுத்த கிளினிக்கில் முன்பு வந்ததைச் சொல்லிக் கர்ப்பகாலக் கொப்பியில் எழுதுவியுங்கள். ஏற்கெனவே குளிசை எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பம் என்று தெரிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏழாம் மாதத்துக்குள் கணவர், அம்மா, மாமியோடு இருந்து, முதல் ஆறு கிழமையும் இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை யார் பிள்ளையைப் பார்ப்பது, மூத்ததைப் பள்ளிக்கு யார் கொண்டுபோவது என்று நாள் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளின் கீழே, சென்ற முறை உங்களுக்கு முதலில் வந்த அடையாளம் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். நித்திரை போனதா, சாப்பாடு வெறுத்ததா, பிள்ளையைத் தூக்க மனமில்லாமல் போனதா? உங்களுக்கு விளங்கமுதல் அது கணவரின் கண்ணில் படும். அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப்போக அவருக்கு இப்போதே சம்மதம் கொடுத்து வையுங்கள்.